அறுபது புள்ளி

ஹாய்ட் கொத்துக்கத்தியை ஓங்கிப் பன்றி விலாவின் மேல் இறக்கினான். எலும்பு பிளந்து ஒரு சில்லு தெறித்து வெர்லனின் காபிக் கோப்பைக்குள் விழுந்தது. வெர்லன் அதை இரண்டு விரலால் எடுத்துப் புல்லில் எறிந்துவிட்டு மிச்சக் காபியைக் குடித்தான். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பிளே-ஆஃப், அதாவது சீசன் முடிவில் நாக்-அவுட் ஆட்டங்கள், வைக்கலாமா கூடாதா என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கூசாவா கல்லூரி ஸ்டேடியத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில், வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கு நடுவே அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு, பதினெட்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அவர்கள் பேசிவருவதும் அதைத்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தப் பேச்சு முற்றிக் கைகலப்பாகி, வெர்லனுக்கு முன்பல் ஒன்று போனது. ஹாய்ட்டுக்கு வலது கட்டைவிரல் இன்றுவரை மடங்குவதில்லை. வெர்லனின் தங்கை ஓபல்தான் ஹாய்ட்டின் மனைவி. அதன்பிறகு வந்த நன்றி நாள் விருந்தில் இருவருக்கும் நடுவே அவள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்கிறவன் தலையில் வான்கோழியைக் கவிழ்ப்பேன் என்று சொல்ல வேண்டியிருந்தது.

"யாரு பெரியவன்னு தெரியணும்னா மோத விடணும், மச்சான். அவ்வளவுதான்." ஹாய்ட் அடுத்த எலும்பைப் பலகையில் எடுத்து வைத்தான். "எட்டு டீமைக் கொண்டாந்து நிறுத்து. அடிச்சுக்கட்டும். கடைசியில நிக்கிறவன் ஜெயிச்சான். இதுல டயர் விக்கிறவன் ஓட்டு எதுக்கு?"

டயர் விற்கிறவன் வெர்லன்தான். அவனிடம் ஒரு ஓட்டு இருந்தது. நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரி அணிகள். எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. ஆகவே பழைய ஆட்டக்காரர்கள், பழைய கோச்சுகள் என்று நூற்றுச்சொச்சம் பேரைப் பொறுக்கி எடுத்து, வாராவாரம் ஞாயிறு காலை பத்து மணிக்குள் முதல் இருபத்தைந்து அணிகளை வரிசைப்படுத்தி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சீசன் முடியும்போது அந்த வரிசையில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள் ஜனவரியில் மோதுவார்கள். மூன்றாவது அணி, ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காததாக இருந்தாலும், வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்க்க வேண்டியதுதான். இந்த வருடம் தோற்காத அணிகள் மூன்று. கூசாவா மூன்றாவது.

வெர்லன் முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அதே கூசாவாவுக்கு ஆடியவன். எதிராளி பந்தோடு ஓடிவந்தால் குனிந்து, தலையை அவன் நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, தூக்கித் தரையில் அறைவது அவன் வேலை. அதை அவன் ரசித்துச் செய்தான். ஆட்டம் முடிந்தபின் இரண்டு முட்டிகளையும் அறுத்துத் தைத்துக்கொண்டு ஊருக்கு வந்து டயர் கடை வைத்தான். முப்பது வருடம் யாரும் சீந்தவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அந்த ஓட்டு வந்தது. அதற்குப் பிறகு அவன் நடையே மாறிவிட்டது. முடிவெட்டும் கடையில் அவனுக்கு முதல் நாற்காலி, தேவாலயத்தில் போதகர் பிரசங்கம் முடிந்ததும் நேரே அவனிடம் வந்து கைகுலுக்கிவிட்டு இந்த வாரம் என்ன போடப் போகிறாய் என்பார். மனிதனுக்கு மதிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை, வந்தால் போதும். பிளே-ஆஃப் வந்தால் அந்த ஓட்டு போய்விடும். வெர்லன் அதை மட்டும் வெளியே சொல்ல மாட்டான். பிளே-ஆஃப் இல்லாததால்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சாவா வாழ்வா என்று இருக்கிறது, ஒன்றில் தோற்றாலும் வருடம் போச்சு என்ற பயம் இல்லாவிட்டால் இது ஒரு விளையாட்டா என்பான். அதோடு, இன்னும் மூன்று ஆட்டம் கூடுதலாக ஆடினால் பிள்ளைகளின் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்றும் கேட்பான்.

அன்றும் அதைக் கேட்டான். "உன் பையன் இன்னும் மூணு மேட்ச் தாங்குவானா? சொல்லு."

ஹாய்ட் கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினான். அவன் மகன் பிராண்ட்லி கூசாவாவின் முதல் ஓட்டக்காரன். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு பதினொரு பேருக்குள் புகுந்து ஓடுகிறவன். இருபத்தொரு வயது. போன வாரம் அவன் விலாவில் இருந்த காயத்தை ஹாய்ட் பார்த்திருந்தான். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

வெர்லனுக்கு அன்று காலையிலிருந்தே உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. அதற்குக் காரணம் செவ்வாய்க்கிழமை வந்த ஃபோன். கடையில் லாரி டயர் ஒன்றைக் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தபோது கூசாவாவின் கோச்சே கூப்பிட்டார். முப்பத்தைந்து வருடத்தில் அந்தக் கல்லூரியின் எந்தக் கோச்சும் அவனைக் கூப்பிட்டதில்லை. சுற்றி வளைத்து நலம் விசாரித்துவிட்டு, போன வாரம் நாற்பத்தைந்து புள்ளி எடுத்தோம், ஓட்டுப் போடுகிறவர்களில் ஒருத்தரும் அசையவில்லையே, உங்களைப் போன்றவர்கள் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்ப்பதே இல்லை, ஞாயிறு காலை பேப்பரில் ஸ்கோரை மட்டும் மேய்வார்கள் என்பது வெர்லனுக்குத் தெரியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பெரிய மனுஷத் தோரணையில், "அறுபது" என்றான். நாற்பதும் ஐம்பதும் வாராவாரம் எவனாவது எடுப்பான், அறுபது என்று இருந்தால்தான் கண்ணில் குத்தும் என்று விளக்கமும் கொடுத்தான். கோச் நன்றி சொல்லி வைத்துவிட்டார். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஆட்டம் பகல் ஒன்றரைக்குத் தொடங்கியது. எதிர் அணி, அடி வாங்குவதற்கென்றே அழைத்து வரப்பட்ட ஒரு சின்னக் கல்லூரி. முதல் பத்து நிமிடத்திலேயே அவர்களில் ஒருவனுக்குத் தோள் கழன்றது. அவனை நடத்திக்கொண்டு போகும்போது கை தனியாகத் தொங்கி ஆடியது. கூட்டம் விசில் அடித்தது. அடுத்து இன்னொருவன் மூக்கிலிருந்து ரத்தம் சட்டை நெஞ்சுவரை வழிய, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் கூசாவா ஆட்களோடு போய் நின்றான். அதற்கு எண்பதாயிரம் பேரும் சிரித்தார்கள். வெர்லனும் சிரித்தான். ஒவ்வொரு முறை கூசாவா புள்ளி எடுத்தபோதும் வழக்கம்போல மைதான மூலையிலிருந்த பீரங்கியை வெடித்தார்கள். புகை இருக்கைகளின் மேல் வந்து கண்ணைக் கரித்தது.

நாற்பத்து நான்காம் எண் போட்ட ஒருவன் மட்டும் எதிர் அணியில் விழவே இல்லை. கட்டையான ஆள். அவனைத் தாண்டி ஓடியவர்களையெல்லாம் விரட்டிப் பிடித்து விழுத்தாட்டினான். விழுந்த பிறகும் முழங்கையால் ஒன்று வைத்தான். தோற்பது உறுதியான பிறகு அவனுக்கு வேறு வேலை இல்லை. வெர்லன் அவனைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வயதில் தான் அப்படித்தான் இருந்தோம் என்று அவனுக்குப் பெருமையாகவே இருந்தது.

கடைசிக் கால்வாசி ஆட்டம் தொடங்கியபோது ஸ்கோர் ஐம்பத்து நான்குக்கு மூன்று. பந்தோடு எல்லைக்கோட்டை ஒருமுறை தாண்டினால் ஆறு புள்ளி. இப்படி ஆகிவிட்டால் முதல் ஆட்டக்காரர்களை வெளியே எடுத்து, பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளை இறக்குவதுதான் வழக்கம். பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவார்கள், எதிராளிக்கும் மானம் மிஞ்சும். பிராண்ட்லி வெளியே வரவில்லை. முப்பதாவது முறையாகப் பந்தை வாங்கி ஓடினான். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள நாற்பத்து நான்கு அவன் விலாவில் போய் இடித்தான். எழுந்திருக்கும்போது பிராண்ட்லி ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

"இன்னும் எதுக்கு அவனை உள்ள வெச்சிருக்கான்?" என்றான் ஹாய்ட். எழுந்து நின்றான். கீழே கம்பி வேலி வரைக்கும் போய்க் கோச்சைக் கூப்பிடப் போகிறேன், என் பிள்ளையை வெளியே எடுடா என்று கத்தப் போகிறேன் என்றான். போயும் இருப்பான். அவன் கூரை வேலைக்காரன், எண்பதாயிரம் பேர் சத்தத்திலும் கேட்கிற தொண்டை. வெர்லன் அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

"உக்காரு மச்சான். இன்னும் ஒண்ணு. ஒண்ணு போதும்."

ஹாய்ட் உட்கார்ந்தான். அந்த இழுப்பை வெர்லன் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தான். பெரிய பலம் ஒன்றும் போடவில்லை. ஹாய்ட் உதறியிருந்தால் விட்டிருப்பான்.

எல்லைக்கோட்டுக்கு மூன்று கஜம் இருந்தது. பிராண்ட்லி பந்தை வாங்கி நேராக ஓடாமல் தலையைத் தாழ்த்திப் பாய்ந்தான். நாற்பத்து நான்கும் அதே உயரத்தில் தலையைத் தாழ்த்தி எதிரே பாய்ந்தான். ஹெல்மெட் உச்சியும் ஹெல்மெட் உச்சியும் மோதிய சத்தம் அவர்கள் உட்கார்ந்திருந்த முப்பத்திரண்டாம் வரிசைவரை வந்தது. பிராண்ட்லியின் உடம்பு பாய்ந்த வேகத்திலேயே கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. கைகள் அதைத் தடுக்க நீளவில்லை. முகம் முதலில் தரையைத் தொட்டது, பந்து நெஞ்சுக்கு அடியில் இருந்தது. நடுவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். ஸ்கோர் பலகையில் அறுபது என்று மாறியது. எண்பதாயிரம் பேரும் எழுந்து கூச்சலிட்டார்கள். வெர்லனும் எழுந்து, முஷ்டியால் தன் தொடையில் குத்திக்கொண்டான். பீரங்கி வெடித்தது. புகை விலகியபோது எல்லோரும் எழுந்துவிட்டிருந்தார்கள், பிராண்ட்லி மட்டும் எழவில்லை. நாற்பத்து நான்கு அவன் பக்கத்தில் மண்டியிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கையையும் ஆட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஹாய்ட் இருக்கைகளின் மேலேயே மிதித்துக்கொண்டு கீழே இறங்கினான். வழியில் மறித்த காவலாளி ஒருவரை நெஞ்சில் குத்தித் தள்ளினான். வெர்லனால் அந்த முட்டிகளை வைத்துக்கொண்டு அவன் பின்னால் ஓட முடியவில்லை.

மறுநாள் காலை ஒன்பதேகால் மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில் ஹாய்ட் அவனிடம் வந்தான். ஆபரேஷன் முடிந்திருந்தது. கழுத்தில் ஐந்தாவது எலும்பு நொறுங்கிவிட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை, கைகால் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெர்லன் தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். ஓட்டுப் போடும் கம்ப்யூட்டர் முன் இருக்கையில் கிடந்தது. ஹாய்ட் அதே சனிக்கிழமைச் சட்டையைத்தான் போட்டிருந்தான். கையில் இன்னும் பன்றிக் கொழுப்பு வாசம் இருந்தது.

"நேத்து ஒண்ணு போதும்னு சொன்ன," என்றான். "எதுக்குப் போதும்?"

வெர்லனுக்குப் பொய் சொல்ல முடியும். மூன்று வருடமாகப் பிளே-ஆஃப் விஷயத்தில் சொல்லிவந்தவன்தான். ஆனால் அன்று காலை அவன் அடி வாங்கத் தயாராக வந்திருந்தான். வாங்கிவிட்டால் நெஞ்சில் இருக்கிறது இறங்கும் என்று நம்பினான். ஃபோன் வந்ததையும், கோச் கேட்டதையும், தான் சொன்ன எண்ணையும் சொல்லி முடித்தான்.

முதல் குத்து அவன் இடது கண்ணில் விழுந்தது. இரண்டாவது வாயில். கட்டிய பல் கழன்று நாக்கின் மேல் விழுந்தது, அவன் அதைத் துப்பினான். கையைத் தூக்கக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். மூன்றாவது, நான்காவது வரைக்கும் அப்படியே நின்றான். ஹாய்ட் அழுதுகொண்டே அடித்தான், மூக்கு ஒழுகியது, ஒவ்வொரு குத்துக்கும் மகன் பெயரைச் சொன்னான். பிறகு இரண்டடி பின்னால் போய் ஓங்கிக்கொண்டு பாய்ந்து வந்தான்.

எதிரே ஒருவன் பாய்ந்து வருவதைக் கண்டதும் வெர்லனின் உடம்பு அவனைக் கேட்கவில்லை. முட்டி தானாக மடங்கியது, தலை தாழ்ந்தது, தோள் ஹாய்ட்டின் வயிற்றுக்குக் கீழே போய்ப் பதிந்தது. தூக்கி, திருப்பி, தார்த்தரையில் அறைந்தான். ஹாய்ட்டின் பின்மண்டை தரையில் பட்டு ஒருமுறை எழும்பி மறுபடி பட்டது. வெர்லன் அவன் மேல் கிடந்தான். அந்த ஒரு நொடி அவனுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை அவன் உணர்ந்தான். உடனே உருண்டு விலகி, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் வந்து ஹாய்ட்டைத் தூக்கி உட்காரவைத்தார்கள். பின்னந்தலையிலிருந்து ரத்தம் கழுத்துப் பட்டைக்குள் இறங்கியது. உள்ளே வாருங்கள் தைக்க வேண்டும் என்றார்கள். ஹாய்ட் ஒரு துண்டை மட்டும் வாங்கி அழுத்திக்கொண்டான்.

ஓபல் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இருவரையும் பார்த்தாள். யார் முதலில் அடித்தது என்று கேட்கவில்லை. "முழிச்சிட்டான்," என்றாள். "வெர்லன், உன்னைத்தான் கேக்குறான். நீ ஓட்டுப் போடுற கம்ப்யூட்டரையும் எடுத்துட்டு வரச் சொன்னான்."

பிராண்ட்லியின் தலையைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். நான்கு திருகாணிகள் நெற்றியிலும் பின்னாலும் எலும்புவரை இறக்கப்பட்டிருந்தன. திருகாணி இறங்கிய இடங்களில் மஞ்சள் மருந்தும் காய்ந்த ரத்தமும். அவனால் கூரையை மட்டும்தான் பார்க்க முடிந்தது. கட்டிலின் மறுபக்கம் ஒரு நர்ஸ் அவன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியால் விரல்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலில் குத்தி, தெரிகிறதா என்று கேட்டாள். இல்லை என்றான் பிராண்ட்லி. ஹாய்ட் துண்டைத் தலையில் அழுத்தியபடி சுவரோரம் வந்து நின்றான்.

"மாமா, போட்டாச்சா?"

இல்லை என்றான் வெர்லன். வாய் வீங்கியிருந்ததால் சொல் குழறியது. சுவர்க் கடிகாரம் ஒன்பது நாற்பத்தைந்து காட்டியது.

"என் முன்னாடியே போடுங்க. நம்மளை ஒண்ணாவதா போடுங்க."

வெர்லன் கம்ப்யூட்டரை மடியில் வைத்துத் திறந்தான். இரண்டிலிருந்து இருபத்தைந்துவரை போனவாரப் பட்டியலையே கொஞ்சம் மாற்றிப் போட்டான். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. முதல் வரியை விட்டுவைத்திருந்தான். கூசாவா என்று போட்டால், நேற்று நடந்தது சரி, இப்படித்தான் ஆட வேண்டும் என்று நாடு முழுக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகும். போடாவிட்டால் இந்தப் பிள்ளை கழுத்தைக் கொடுத்தது எதற்குமே இல்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னதுபோல் ஆகும். சுவரோரம் நின்ற ஹாய்ட் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் என்ன செய்தாலும் அந்த ஆள் தன்னைக் கொல்லாமல் விடமாட்டான் என்று வெர்லனுக்குத் தோன்றியது. கொன்றால் நல்லது என்றும் தோன்றியது.

நர்ஸ் மோதிர விரலில் குத்தினாள். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. தெரிகிறதா என்றாள். இல்லை என்றான்.

"கடைசிக் கால்வாசிக்கு கோச் என்னை வெளியே வரச் சொன்னாரு," என்றான் பிராண்ட்லி கூரையிடம். "நான்தான் மாட்டேன்னேன். புதன்கிழமையே எல்லாரையும் நிக்க வெச்சு சொல்லிட்டாரு, பிராண்ட்லியோட மாமா அறுபது கேட்டிருக்காருன்னு. மாமா கேட்டதை நான் போடாம வேற எவன் போடுவான்? நான்தான் போடுவேன்னு சண்டை போட்டு நின்னேன்."

ஹாய்ட் சுவரில் சாய்ந்தபடியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தான். ஓபல் வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்லனுக்குச் சற்றுமுன் வண்டி நிறுத்தத்தில் வாங்கியதெல்லாம் அடியே இல்லை என்று தெரிந்தது.

"போட்டேன்ல, மாமா? கோட்டைத் தாண்டினேன்ல? யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"தாண்டின," என்றான் வெர்லன்.

பிராண்ட்லி சிரித்தான். சிரித்தபோது திருகாணி இறங்கிய இடத்தில் தோல் இழுபட்டுப் புதிதாக ரத்தம் கசிந்து புருவத்தில் தங்கியது. ஓபல் குனிந்து லேசாகத் துணியால் அதைத் துடைத்தாள். கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்தெட்டு. வெர்லனின் பத்து விரல்களும் எழுத்துகளின் மேல் இருந்தன, முதல் வரி இன்னும் காலியாகவே இருந்தது.

நர்ஸ் நடுவிரலை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலுக்கு வந்தாள். இந்த முறை கொஞ்சம் ஆழமாகவே குத்தினாள். ரத்தம் நகத்தைச் சுற்றி இறங்கி வெள்ளை விரிப்பில் சொட்டியது. அவள் கேள்வி கேட்கக் காத்திராமல் பிராண்ட்லி சொன்னான்.

"குத்துங்க, சிஸ்டர். நான் பயப்பட மாட்டேன்."

அவள் ஊசியை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தாள்.